மாணவர் எண்ணிக்கையும் பள்ளியின் ஆயுளும்: சிகாகோ டையட் இடைநிலைப்பள்ளிப் போராட்டம் உணர்த்தும் பாடங்கள்

முன்னுரை

மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பது ஒரு பள்ளியை மூடுவதற்குக் கூறப்படும் காரணங்களுள் மிக எளியது. மறுப்பதற்கு மிகக் கடினமானதும் அதுவே. கட்டடம் பழுதுற்றது என்றால் புதுப்பிக்கலாம் என வாதிடலாம். தேர்ச்சி விழுக்காடு தாழ்ந்தது என்றால் நல்லாசிரியர்களை அனுப்புங்கள் எனக் கேட்கலாம். வகுப்பறையில் பிள்ளைகளே இல்லை என்னும்போது மட்டும் பெற்றோரும் ஆசிரியரும் சொல்லிழந்து நின்றுவிடுகின்றனர். மலேசியத் தமிழ்க் கல்வியுலகம் இவ்வாதத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுவந்துள்ளது. 1957ஆம் ஆண்டில் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அவை 523 ஆயின. ஐம்பது ஆண்டுகளில் நேர்ந்த குறைவு 365 பள்ளிகள்.

எண்ணிக்கை என்னும் அவ்வாதத்தையே இக்கட்டுரை தன் ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது. ஒரு பள்ளியின் மாணவர் தொகை குறைவது மூடலுக்குக் காரணமா, அன்றி மூடலை நோக்கிச் செல்லும் கொள்கைகளின் விளைவா என்பதே நம்முன் உள்ள வினா. இதனை விளக்க நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2012 முதல் 2016 வரை நிகழ்ந்த டையட் இடைநிலைப்பள்ளிப் போராட்டமாகும். நமக்குத் தொலைவில் உள்ள ஒரு நிகழ்வைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அங்கு எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றுக்குப் பயன்பட்ட கணக்கீட்டு முறையும் பொதுவெளியில் பதிவாகியுள்ளன. கல்வியாளர்களால் விரிவாக ஆராயப்பட்டும் உள்ளன. இரண்டாவது, நம் சொந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது மேலோங்கும் உணர்ச்சி, காரணகாரியத் தொடர்பைக் காண்பதற்குச் சில வேளைகளில் தடையாகிறது. பிறர் அனுபவத்தில் தெளிவாகத் தெரியும் ஒன்றை நம் அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்பது எளிது. இக்கட்டுரையின் பிற்பகுதி அவ்வாறு பொருத்திப் பார்க்க முற்படுகிறது.

ஊரும் பள்ளியும்

சிகாகோ நகரின் தென்பகுதியில் உள்ளது பிரான்ஸ்வில் என்னும் வட்டாரம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வேலை தேடியும் இனக்கொடுமைக்கு அஞ்சியும் வடக்கே குடிபெயர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் இங்குத் திரளாகக் குடியேறினர். நகரின் பிற பகுதிகளில் வீடு பெற இயலாதவாறு அவர்கள் தடுக்கப்பட்டமையால், பணியாளர், வணிகர், மருத்துவர், இசைவாணர் என அனைத்துத் தரப்பினரும் ஒரே வட்டாரத்துக்குள் நெருங்கி வாழ நேர்ந்தது. நெருக்கடியிலிருந்து பிறந்ததாயினும் அவ்வட்டாரத்துக்கு ஒரு தனிப் பண்பாட்டு வாழ்வு உருவாயிற்று. தோட்டங்களில் ஒதுக்கி வைக்கப்பட்ட நம் முன்னோர் கோயிலையும் பள்ளியையும் நடுவாகக் கொண்டு ஒரு சமூகமாகத் திரண்டதை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

டையட் பள்ளியின் பெயரே அவ்வட்டார வரலாற்றின் ஒரு பகுதியாகும். வால்டர் டையட் (1901–1969) ஓர் இசையாசிரியர். அவ்வட்டாரத்தின் ஃபிலிப்ஸ், டுசாபிள் ஆகிய இடைநிலைப்பள்ளிகளில் பல்லாண்டுகள் இசைக்குழுவைப் பயிற்றுவித்தவர். நாட் கிங் கோல், டைனா வாஷிங்டன், ஜீன் அமன்ஸ் முதலிய புகழ்பெற்ற கலைஞர்கள் அவரிடம் பயின்றவர்கள். வாஷிங்டன் பூங்காவின் வடபுறத்தில் 1972ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நடுநிலைப்பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஓர் அரசு அலுவலரின் பெயரோ கொடையாளியின் பெயரோ இன்றி ஓர் ஆசிரியரின் பெயர் பள்ளிக்கு வாய்த்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. பள்ளியை மூடுவதென்பது ஊர் மக்களுக்குத் தங்கள் ஆசிரியரின் பெயரை அழிப்பதாகவும் தோன்றியதில் வியப்பில்லை.

1999ஆம் ஆண்டு அந்நடுநிலைப்பள்ளி இடைநிலைப்பள்ளியாக மாற்றப்பட்டது. அதே காலக்கட்டத்தில் அருகிருந்த கிங் இடைநிலைப்பள்ளி, நுழைவுத்தேர்வில் சிறந்தோரை மட்டும் சேர்க்கும் தெரிவுப் பள்ளியாக உருமாறியது. எந்தத் தேர்வுமின்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அனைவரையும் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு டையட் பள்ளியின்மேல் விழுந்தது. நன்கு படிப்போர் ஒருபுறம் பிரித்தெடுக்கப்பட, எஞ்சியோரைக் கொண்டு ஒரு புதிய இடைநிலைப்பள்ளி தொடங்கப்பட்டது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

எண்ணிக்கை குறைந்த வரலாறு

டையட் பள்ளியில் மாணவர் தொகை குறைந்தது என்பது உண்மை. அது எவ்வாறு குறைந்தது என்பதைக் காண, பள்ளி வளாகத்துக்கு வெளியே நாம் செல்லவேண்டும்.

முதலாவது காரணம் வீடமைப்புக் கொள்கை. பிரான்ஸ்வில் வட்டாரத்தின் மேற்கு விளிம்பில் ராபர்ட் டெய்லர் இல்லங்கள் எனப்படும் அரசுக் குடியிருப்பு இருந்தது. 1962இல் கட்டி முடிக்கப்பட்ட அதில் பதினாறு மாடி கொண்ட 28 கட்டடங்கள் இருந்தன. 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் நகர வீடமைப்பு வாரியம் இத்தகைய அடுக்குமாடிகளை இடித்துப் புதிய கலப்புக் குடியிருப்புகளை உருவாக்கத் திட்டமிட்டது. 2007ஆம் ஆண்டுக்குள் அந்த 28 கட்டடங்களும் இடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. இடித்த அளவுக்கு வீடுகள் மீண்டும் எழவில்லை. 2000க்கும் 2010க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் சிகாகோ நகரின் கறுப்பின மக்கள்தொகை ஏறத்தாழ 180,000 குறைந்ததாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகவில்லை; அவர்களது வீடுகள் ஊரை விட்டு அகற்றப்பட்டன.

இரண்டாவது காரணம் கல்விக் கொள்கை. 2004ஆம் ஆண்டில் அப்போதைய மேயர் ரிச்சர்ட் எம். டேலி ஒரு சீர்திருத்தத் திட்டத்தை அறிவித்தார். தரம் குறைந்தனவாகவோ மாணவர் குறைந்தனவாகவோ கருதப்பட்ட பள்ளிகளை மூடி, 2010க்குள் 100 புதிய பள்ளிகளைத் திறப்பது அதன் நோக்கம். புதியவற்றுள் பல பட்டயப் பள்ளிகள். அதாவது அரசு நிதியில் தனியார் அமைப்புகள் நடத்தும் பள்ளிகள். மக்கள்தொகை சுருங்கிக்கொண்டிருந்த வட்டாரங்களில் பள்ளிகளின் எண்ணிக்கை கூட்டப்பட்டால் ஒவ்வொரு பள்ளிக்கும் கிட்டும் மாணவர் தொகை குறையும் என்பதை அறிய உயர்கணிதம் தேவையில்லை. ஆனால் அக்குறைவு பழைய பள்ளிகளின் தோல்வியாகவே கணக்கில் எழுதப்பட்டது.

மூன்றாவது காரணம் கணக்கீட்டு முறை. சிகாகோ பள்ளி நிருவாகம் ஒரு வகுப்பறைக்கு 30 மாணவர் என்பதைத் தகுந்த அளவாகக் கொண்டு பள்ளிகளின் பயன்பாட்டு விகிதத்தைக் கணித்தது. அவ்வளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே சென்ற பள்ளி போதிய பயன்பாடற்றது எனப்பட்டது. இக்கணக்கின்படி ஒரு வகுப்பில் 22 பிள்ளைகள் பயில்வது குறைபாடாகும். வசதி படைத்த பெற்றோர் கட்டணம் செலுத்தித் தேடிச் செல்லும் சிறுவகுப்பு, ஏழைகளின் பள்ளியில் வீணாகக் கிடக்கும் இடமாகிவிடுகிறது. அளவுகோல் நடுநிலையானதுபோல் தோன்றினும் அது எதை நிறை என்றும் எதைக் குறை என்றும் பெயரிடுகிறது என்பதை ஆசிரியர்கள் உற்று நோக்குதல் வேண்டும்.

படிப்படியான மூடல்

2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிகாகோ கல்வி வாரியம் டையட் பள்ளியைப் படிப்படியாக மூட முடிவெடுத்தது. இனிப் புதிய மாணவர் சேர்க்கை இல்லை. உள்ளோர் படித்து முடித்ததும் 2015இல் பள்ளி மூடப்படும் என்பதே அம்முடிவு. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஒரு விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனத்தின் கொடையால் அப்பள்ளியின் விளையாட்டு வசதிகள் பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டிருந்தன. மேற்கல்விக்குச் செல்வோர் தொகை கூடியதையும் ஒழுங்குச் சிக்கல்கள் குறைந்ததையும் ஊர் மக்கள் எடுத்துக்காட்டினர். எனினும் முடிவு மாறவில்லை.

படிப்படியான மூடல் என்பது கேட்பதற்கு மென்மையானது. உள்ளிருக்கும் மாணவரைத் துரத்தாமல் முடித்துப் போகவிடும் ஏற்பாடுபோல் அது தோன்றும். நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. மாணவர் குறையக் குறைய ஆசிரியர் பணியிடங்களும் குறைந்தன. ஆசிரியர் குறைந்ததால் பாடங்களும் குறைந்தன. கலை, உடற்கல்வி போன்ற பாடங்களைக் கணினி வழியாகப் படிக்கவேண்டிய நிலை மாணவருக்கு ஏற்பட்டது. உடற்கல்வியைத் திரையில் படிப்பது என்பதன் பொருத்தமின்மையை விளக்க வேண்டியதில்லை. பலர் வேறு பள்ளிகளுக்கு மாறினர். 2015ஆம் ஆண்டு சூன் திங்களில் இறுதியாகப் பட்டம் பெற்றுச் சென்ற வகுப்பில் எஞ்சியிருந்தோர் 13 பேர்.

மூடப்போவதாக அறிவிக்கப்பட்ட பள்ளியில் எந்தப் பெற்றோரும் பிள்ளையைச் சேர்க்கமாட்டார். வாய்ப்பிருப்போர் முதலில் வெளியேறுவர். எஞ்சியிருக்கும் சிறு தொகை, மூடியது சரியே என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும். இவ்வாறு முடிவே தனக்குரிய காரணத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அதிகாரப்பூர்வ அறிவிப்புக்கூடத் தேவையில்லை. மூடப்போகிறார்கள் என்ற வதந்தி ஈராண்டு உலவினால் போதும் என்பதைச் சிறுபள்ளித் தலைமையாசிரியர்கள் நன்கறிவர்.

எதிர்ப்பும் மாற்றுத் திட்டமும்

டையட் போராட்டத்தைப் பிற போராட்டங்களினின்று வேறுபடுத்துவது அதன் உண்ணாநோன்பு என்றே பலரும் கருதுவர். நம் கருத்தில் அதன் தனித்தன்மை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஊர் மக்கள் பள்ளியை மூடாதே என்பதோடு நின்றுவிடவில்லை. எத்தகைய பள்ளி வேண்டும் என்பதை எழுதி வைத்தனர்.

கென்வுட் ஓக்லண்ட் சமூக அமைப்பு என்னும் வட்டார அமைப்பு பல ஆண்டுகளாகவே பெற்றோர், ஆசிரியர், மாணவர் ஆகியோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டு வந்தது. டையட் புத்துயிர்ப்புக் கூட்டமைப்பு என்ற பெயரில் சிகாகோ ஆசிரியர் சங்கம், இல்லினாய் பல்கலைக்கழகக் கல்வியியல் அறிஞர்கள், அரும்பொருளகம், தாவரவியல் பூங்கா முதலிய பல தரப்பினரும் இணைந்தனர். உலகத் தலைமைத்துவம், பசுமைத் தொழில்நுட்பம் ஆகியவற்றை மையமாகக் கொண்ட ஓர் இடைநிலைப்பள்ளிக்கான முழுத் திட்டத்தை அவர்கள் வகுத்தனர். வட்டாரத் தொடக்கப்பள்ளிகளையும் இடைநிலைப்பள்ளியையும் ஒரே பாடத்திட்ட இழையால் இணைப்பது அவர்தம் எண்ணம். தேர்வின்றி, குலுக்கலின்றி, வட்டாரப் பிள்ளைகள் எவரும் சேரக்கூடிய அரசுப் பள்ளியாகவே அது இருக்கவேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை நிபந்தனை.

இடைவிடாத மனுக்கள், கூட்டங்கள், மறியல்கள், கூட்டரசுக் கல்வித் துறையிடம் அளித்த குடியுரிமை முறையீடு ஆகியவற்றின் பின்னர், 2014ஆம் ஆண்டு இறுதியில் நிருவாகம் சற்று இறங்கி வந்தது. அவ்விடத்தில் பள்ளி நடத்த விரும்புவோர் திட்டங்களை அளிக்கலாம் என அறிவித்தது. மூன்று திட்டங்கள் வந்தன. கூட்டமைப்பின் திட்டம் அவற்றுள் ஒன்று. அதுவரை பள்ளி வேண்டியதில்லை என்று கூறிய நிருவாகம், எந்தப் பள்ளி என்ற வினாவுக்கு நகர்ந்ததே ஊர் மக்களின் முதல் வெற்றி எனலாம். ஆனால் 2015 ஆகஸ்டில் எடுக்கப்படவிருந்த முடிவு தள்ளிவைக்கப்பட்டது.

2015 ஆகஸ்டு 17ஆம் நாள் பன்னிருவர் உண்ணாநோன்பைத் தொடங்கினர். பெற்றோர், பாட்டிமார், கல்வியாளர் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். பள்ளிக்கு வெளியே நாற்காலிகளில் அமர்ந்து நீரும் நீர்மப் பொருள்களும் மட்டும் அருந்தினர். சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். செப்டம்பர் 3ஆம் நாள் பள்ளி நிருவாகத் தலைவர் ஃபாரஸ்ட் கிளேபூல், டையட் பள்ளி கலைகளை மையமாகக் கொண்ட, அனைவர்க்கும் திறந்த இடைநிலைப்பள்ளியாக 2016இல் மீண்டும் திறக்கப்படும் என அறிவித்தார். மூன்று திட்டங்களில் எதுவும் ஏற்கப்படவில்லை. கூட்டமைப்பின் பசுமைத் தொழில்நுட்பத் திட்டமும் இடம்பெறவில்லை. பள்ளியை நடத்துவதில் தங்களுக்குரிய பங்கு யாது என்பது தெளிவுபடாமையால் அவர்கள் நோன்பைத் தொடர்ந்து, 34ஆம் நாளாகிய செப்டம்பர் 19இல் நிறைவு செய்தனர். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் பள்ளி திறக்கப்பட்டது. வால்டர் டையட் பெயரும் நிலைத்தது.

இது முழு வெற்றியா என்பது விவாதத்துக்குரியது. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று எனலாம். ஆயினும் மூடிய பள்ளி மீண்டும் திறக்கப்படுவது அரிது. அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய அரசுப் பள்ளியாகத் திறக்கப்படுவது மிக அரிது.

நிருவாகத்தின் வாதமும் அதன் வரம்பும்

நடுநிலையான ஆய்வு நிருவாகத்தின் தரப்பையும் எடை போடுதல் வேண்டும். சிகாகோ பள்ளி நிருவாகம் பெரும் நிதிப் பற்றாக்குறையில் இருந்தது. பாதி வெறுமையான கட்டடங்களைச் சூடேற்றவும் பேணவும் ஆகும் செலவை மாணவருக்கே செலவிடலாம் என்பது பொருளற்ற வாதமன்று. மிகச் சிறிய இடைநிலைப்பள்ளியில் இயற்பியலுக்கும் இசைக்கும் தனித்தனி ஆசிரியர் வைப்பது கடினம் என்பதும் உண்மையே. மூடப்படும் பள்ளியின் பிள்ளைகள் மேலான பள்ளிக்குச் செல்வர் என்றால் பழைய கட்டடத்தின்மேல் கொண்ட பற்றை மட்டும் காரணமாகக் காட்டி எதிர்ப்பது முறையாகாது.

ஆகவே, அவர்கள் மேலான பள்ளிக்குச் சென்றனரா என்பதே உரிய வினா. 2013 மே திங்களில் சிகாகோ கல்வி வாரியம் ஏறத்தாழ 50 பள்ளிகளை ஒரே நேரத்தில் மூட வாக்களித்தது. இடம்பெயர்ந்த ஏறத்தாழ 12,000 பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். நகரப் பள்ளி மாணவருள் அவர்தம் பங்கோ 40 விழுக்காட்டை ஒட்டியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு, இடம்பெயர்ந்த மாணவரின் தேர்ச்சி, குறிப்பாகக் கணிதத்தில், பின்னடைந்ததையும், இரு பள்ளிகளின் ஆசிரியரும் மாணவரும் ஒன்றிணைவதில் பெருங்குழப்பம் நேர்ந்ததையும் பதிவு செய்தது. அதே குழு 2009இல் வெளியிட்ட ஆய்வும், அதற்கு முன் மூடப்பட்ட பள்ளிகளின் மாணவருள் மிகச் சிலரே தரம் உயர்ந்த பள்ளிகளை அடைந்தனர் என்றே காட்டியது. சிக்கனத்தின் பயன் பிள்ளைகளைச் சென்றடையும் என்ற உறுதிமொழி மெய்ப்படவில்லை.

இம்மூடல்களைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த ஈவ் எல். யூயிங், 2018இல் வெளிவந்த தம் நூலில், மூடப்பட்ட பள்ளிக்காக ஒரு சமூகம் கொள்ளும் துயரத்தை நிறுவன இழப்புத் துயரம் என்னும் கருத்தாக்கத்தால் விளக்குகிறார். பள்ளி என்பது கல்விச் சேவை வழங்கும் நிலையம் மட்டுமன்று. தலைமுறைகளின் நினைவு தங்கியிருக்கும் இடம் என்பதை அக்கருத்தாக்கம் ஆய்வுலகில் நிலைநாட்டியது. நிருவாகக் கணக்கில் இதற்கு ஒரு பத்தி இல்லை என்பதே குறை.

முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதும் இங்குக் கருதத்தக்கது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிகாகோ கல்வி வாரிய உறுப்பினரை மேயரே நியமித்தார். ஊர் மக்கள் வாக்களித்து மாற்றக்கூடிய உறுப்பினர் ஒருவரும் அதில் இல்லை. டையட் போன்ற போராட்டங்கள் வலுப்படுத்திய கோரிக்கையின் விளைவாக 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 நவம்பரில் முதன்முறையாக வாரியத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. ஒரு பள்ளிக்கான போராட்டம் பள்ளிகளை ஆளும் முறையையே வினவும் நிலைக்கு வளர்ந்ததை இது காட்டுகிறது.

நம் வட்டாரத்து அனுபவங்கள்

இனி நம் நாட்டை நோக்குவோம். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள டாமன்சாரா சீனத் தொடக்கப்பள்ளி 1930இல் தொடங்கப்பட்டது. நெரிசலையும் போக்குவரத்து இரைச்சலையும் காரணங்காட்டி அது டுரோப்பிக்கானா பகுதிக்கு இடம் மாற்றப்பட்டு, 2001 தொடக்கத்தில் பழைய வளாகம் மூடப்பட்டது. புதிய பள்ளி வேண்டாம் என்று ஊர் மக்கள் கூறவில்லை. பழைய பள்ளியும் இருக்கட்டும் என்றே கேட்டனர். 67 மாணவர் இடம்பெயர மறுத்து, அருகிலிருந்த சீனக்கோயில் வளாகத்தில் அமைந்த தற்காலிக வகுப்புகளில் பயின்றனர். பொதுமக்கள் நன்கொடையால் அவ்வகுப்புகள் எட்டு ஆண்டுகள் நடைபெற்றன. 2008 பொதுத்தேர்தலுக்குப் பின் அனுமதி கிடைத்து 2009 சனவரியில் பழைய வளாகம் மீண்டும் திறக்கப்பட்டது. இங்கு மூடலுக்குக் கூறப்பட்ட காரணம் எண்ணிக்கைக் குறைவன்று, நெரிசல். காரணம் நேர்மாறாக இருந்தும் ஊர் பள்ளியை இழந்தது என்னும் விளைவு ஒன்றே என்பதைக் காண்கிறோம்.

சிங்கப்பூரின் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியின் வரலாறு வேறு வகையினது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் நிறுவிய அப்பள்ளி 1960இல் உயர்நிலை வகுப்புகளைத் தொடங்கியது. தமிழை பயிற்றுமொழியாகக் கொண்டு உயர்நிலைக் கல்வி அளித்த அந்நிறுவனம் 1982இல் மூடப்பட்டது. வேலைவாய்ப்பும் மேற்கல்வியும் ஆங்கிலத்தைச் சார்ந்து அமைந்தபோது பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடினர். அங்கும் எண்ணிக்கை தானாகக் குறையவில்லை. பெற்றோரின் தெரிவு பொருளியல் சூழலால் வடிவமைக்கப்பட்டது. பின்னர் அப்பெயர் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நிலைபெற்றது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கைக் குறைவையும் இவ்வாறே படித்தல் தகும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை நிருவாகத்தின்மேல் சுமத்தியது. எனவே பள்ளி தோட்டத்தோடு பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், விற்கப்பட்டபோதும், வீடமைப்பு நிலங்களாக மாறியபோதும் பள்ளியைச் சூழ்ந்த குடும்பங்கள் கலைந்தன. நாட்டின் நிருவாகத் தலைநகரான புத்ராஜெயாவே ஒரு பழைய ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்ததுதான். நிலம் அரசுக்கு உரியதாக இல்லாமையால் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்தன. கட்டடத்துக்கு முழு உதவி இன்மையால் வசதிகள் பின்தங்கின. வசதி பின்தங்கியதால் பெற்றோர் வேறு பள்ளிகளை நாடினர். டையட் பள்ளியில் வீடமைப்புக் கொள்கை செய்ததை இங்குத் தோட்டப் பொருளியல் செய்தது.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறைத்தல் கூடாது. குடும்பங்கள் உண்மையிலேயே நகர்ந்துவிட்ட இடங்களில், தோட்டப் பள்ளியின் உரிமத்தைக் குடியிருப்புப் பகுதிக்கு மாற்றியதால் பள்ளிகள் பிழைத்ததும் உண்டு. அது மூடலன்று, பள்ளி தன் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து செல்வதாகும். கட்டடத்தைக் காப்பதும் பள்ளியைக் காப்பதும் எப்போதும் ஒன்றல்ல.

ஆசிரியர் சமூகத்துக்குரிய படிப்பினைகள்

150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளி நம் நாட்டில் குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்தப்படுகிறது. இன்றுள்ள தமிழ்ப்பள்ளிகளுள் கணிசமானவை இவ்வகையின. பிறப்பு விகிதம் குறைந்துவரும் இந்நாளில் இப்பட்டியல் சுருங்க வாய்ப்பில்லை. எனவே, மேற்கண்டவற்றிலிருந்து நாம் பெறத்தக்கவற்றைத் தொகுத்துரைப்பது பயனுடையது.

முதலாவது, ஒவ்வொரு பள்ளியும் தன் எண்ணிக்கையின் வரலாற்றை எழுதி வைத்தல் வேண்டும். எந்த ஆண்டில் எத்தனை மாணவர் குறைந்தனர், அவ்வாண்டில் தோட்டத்திலோ குடியிருப்பிலோ நிகழ்ந்தது என்ன, பிள்ளைகள் எப்பள்ளிக்குச் சென்றனர் என்னும் குறிப்புகள் பள்ளியிலேயே உள்ளன. பழைய சேர்க்கைப் பதிவேடுகள் ஆவணங்கள். அவை பழைய தாள்கள் அல்ல. காரணம் தெரிந்த எண்ணிக்கைக்கும் தெரியாத எண்ணிக்கைக்கும் பேச்சுவார்த்தை மேசையில் மிகுந்த வேறுபாடு உண்டு.

இரண்டாவது, வதந்திக்கு உடனடியாக மறுமொழி கூறுதல் வேண்டும். மூடல் பற்றிய பேச்சு எழுந்தவுடன் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மேலாளர் வாரியமும் பெற்றோரைக் கூட்டி உண்மை நிலையை விளக்காவிட்டால், அடுத்த ஆண்டுச் சேர்க்கை அவ்வதந்தியை மெய்யாக்கிவிடும்.

மூன்றாவது, எதிர்ப்போடு திட்டமும் வேண்டும். சிறுபள்ளியில் பல வகுப்புகளை இணைத்துக் கற்பித்தல், பாலர் பள்ளியைத் தொடங்குதல், போக்குவரத்து ஏற்பாடு, அருகிலுள்ள பள்ளியோடு இசை, விளையாட்டு ஆசிரியரைப் பகிர்தல் என நடைமுறைக்கு ஒத்த வரைவு ஒன்று கையில் இருந்தால் உரையாடல் மூடுவதா வேண்டாமா என்பதிலிருந்து எவ்வாறு நடத்துவது என்பதற்கு நகரும். டையட் கூட்டமைப்பு இதனைத்தான் செய்தது. இதற்குப் பல்கலைக்கழகக் கல்வியாளர்களும் துணை நிற்றல் கடமையாகும்.

நான்காவது, மூடலோ இடமாற்றமோ தவிர்க்கவியலாததாயின், பிள்ளைகள் எங்குச் செல்வர், அங்குத் தமிழ்க்கல்வி தொடருமா, பயணத் தொலைவு எவ்வளவு, உரிமம் எவ்விடத்துக்குச் செல்லும் ஆகிய வினாக்களுக்கு எழுத்து வடிவில் விடை பெறாமல் இசைவு தருதல் கூடாது. ஓர் உரிமத்தை இழப்பது எளிது. புதிய உரிமம் பெறுவது எத்துணை அரிது என்பதை, தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்றும் 530ஐ ஒட்டியே நிற்பது உணர்த்தும்.

முடிவுரை

ஒரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கை என்பது இயற்கையின் கணக்கன்று. வீடு, நிலம், வேலை, நிதி, அளவுகோல் ஆகிய பலவற்றின் கூட்டு விளைவு அது. டையட் பள்ளியின் 13 மாணவரை மட்டும் கண்டோர்க்கு மூடல் இயல்பானதாகத் தோன்றியிருக்கும். அந்தப் பதின்மூன்றுக்குப் பின்னிருந்த இடிக்கப்பட்ட 28 கட்டடங்களையும், பிரித்தெடுக்கப்பட்ட மாணவரையும், நிறுத்தப்பட்ட சேர்க்கையையும் ஊர் மக்கள் கண்டனர்; பிறர் காணுமாறும் செய்தனர். தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம் குறித்த உரையாடலில் ஆசிரியர்களாகிய நாம் ஆற்றவேண்டிய பணியும் அதுவே. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணுவதோடு, அதில் இல்லாமற்போன பெயர்கள் எங்குச் சென்றன என்பதையும் நாம் கேட்டறிந்து பதிவு செய்தல் வேண்டும்.